எட்டாவது பிளேட்

என் ஜிம்முக்கு வருகிறவர்களுக்கு இரும்பைத் தூக்கச் சொல்லிக்கொடுப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை. தூக்கியதைத் திரும்ப வைக்கச் சொல்லிக்கொடுப்பதற்குள்தான் தாவு தீர்ந்துவிடும். இருபத்திரண்டு வருடமாகத் தொண்டைத் தண்ணி வற்றக் கத்துகிறேன். பெஞ்சில் படுத்தால் துண்டு விரித்துப் படு. வியர்வையைத் துடைத்துவிட்டு எழுந்திரு. ஒரே மெஷினில் உட்கார்ந்துகொண்டு ஊர்க்கதை பேசாதே. யாராவது வந்து "இன்னும் எத்தனை செட் இருக்கு?" என்று கேட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் "வாங்க, நடுவுல நீங்களும் அடிச்சுக்குங்க" என்று எழுந்து இடம் கொடு. அப்படி நடுவில் வந்தவர், தன் செட் முடிந்ததும், முன்னால் இருந்தவர் எந்த எடையில் வைத்திருந்தாரோ அதே எடையில் வைத்துவிட்டுத்தான் எழ வேண்டும்.

இந்தக் கடைசி விதியை மட்டும் ஒரு பயல் மதித்தது கிடையாது. மூலையில் இருக்கும் கேபிள் மெஷினில் பிளேட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றும் ஐந்து கிலோ. எந்தப் பிளேட்டின் ஓட்டையில் இரும்புப் பின்னைச் செருகுகிறோமோ, மேலிருந்து அதுவரைக்கும் உள்ள எடை கம்பியோடு ஏறும். இரண்டில் செருகினால் பத்து கிலோ, எட்டில் செருகினால் நாற்பது. பின்னை மாற்றி வைக்க இரண்டு விநாடி போதும். அந்த இரண்டு விநாடி குனிவதற்கு நம் ஆட்களுக்கு இடுப்பு வளையாது. அவரவர் இழுத்த எடையிலேயே விட்டுவிட்டு செல்போனைப் பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள்.

மதித்தது ஒரே ஒரு ஆள், தையல்காரர். அவர் மதித்ததால்தான் இந்தக் கதையே.

ஏணியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தீயணைப்பு நிலையத்தில் வேலை. எங்கே தீ என்றாலும் ஏணியில் முதல் கால் வைக்கிறவன் என்பதால் நிலையத்தில் வைத்த பெயர் அது. ஆளும் அந்த உயரம்தான். என் ஜிம்மில் பதினைந்து வருடம் இரும்பு தூக்கியவன். அவன் இழுத்த எடையை இன்றுவரை வேறு யாரும் இழுக்கவில்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு கிடங்குத் தீயில் மரச்சட்டம் வலது தோளில் விழுந்து தசைநார் அறுந்துவிட்டது. ஆபரேஷன் ஆனது. அதன்பிறகு நிலையத்தில் அவனைப் போன் ரூமில் உட்கார வைத்தார்கள். தீ என்று யாராவது அலறினால் இவன் விலாசம் எழுதிக்கொள்வான், மற்றவர்கள் வண்டியில் ஏறிப் போவார்கள்.

நிலையத்தில் ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். போன் ரூம் வேலையையே நிரந்தரமாக எடுத்துக்கொள்வதானால் கையெழுத்துப் போடலாம், குவார்ட்டர்ஸும் கையில் இருக்கும். பழைய வேலைதான் வேண்டும் என்றால் மருத்துவக் குழுவின் முன்னால் தண்ணீர்க் குழாயை அடிபட்ட அந்த ஒற்றைக் கையால் இழுத்துக் காட்ட வேண்டும். அதில் தோற்றால் இதுவும் கிடையாது, அதுவும் கிடையாது, வீட்டையும் காலி செய்ய வேண்டும். கேபிள் மெஷினில் எட்டுப் பிளேட் இழுத்தால் குழாய் வந்துவிடும் என்று டாக்டர் ஒரு கணக்குச் சொல்லியிருந்தார்.

அவன் மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. நாள் முழுக்கக் கொதிக்கிற தண்ணீரிலிருந்து போர்வைகளை அள்ளிப் போட்டு, விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். அந்தக் கையோடு வந்து சாயங்காலம் அவன் தோளுக்கு வெந்நீர்த் துணி ஒற்றியெடுப்பாள். ஒற்றும்போதே கேட்பாள்: "இன்னைக்கு எத்தனைங்க?" அவன் ஒரு வாரம் மூன்று என்றான், அடுத்த வாரம் ஐந்து என்றான். எட்டு என்று அவன் சொன்ன அன்றைக்கு மறுநாளே அந்தப் படிவத்தைக் கையெழுத்துப் போடாமல் அவளே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டாள். வரும் வழியில் கேக் வாங்கிக்கொண்டு ஜிம்முக்கு வந்து எல்லோருக்கும் கொடுத்தாள்.

"அந்த ரூம்லயே உக்காந்திருந்தா இவரு மனுஷனாவே இருக்க மாட்டாருண்ணா. வீட்டுக்கு வந்தா செவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. எட்டு வந்துடுச்சில்ல, இனிமே என்ன" என்றாள்.

"நானும் பாத்துக்கிட்டுதானே இருக்கேன், தங்கச்சி. பின்னு எட்டுலதான் நிக்குது" என்றேன். பார்த்ததைத்தான் சொன்னேன். யாராவது போய்க் கேட்டதும் அவன் எழுந்து இடம் கொடுப்பான், அப்போதெல்லாம் பின் எட்டில்தான் இருக்கும். அவன் இழுக்கிறபோது நான் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. மெஷின் சுவரைப் பார்த்தது, அவன் முதுகுதான் எனக்குத் தெரியும். கேக்கில் இரண்டு துண்டு நானே தின்றேன்.

மருத்துவக் குழுவுக்கு ஒன்பது நாள் இருந்தபோதுதான் அது நடந்தது. காலையிலிருந்து விடாத மழை. கீழே டயர் கடைக்காரர் பாதி ஷட்டரை இறக்கியிருந்தார். ஜிம்மில் மூன்றே பேர், ஈரத்துணியும் இரும்பும் கலந்த ஒரு வாடை. ஏணி மூலையில் உட்கார்ந்து ஒற்றைக் கையால் இழுத்துக்கொண்டிருந்தான். தையல்காரர் துண்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் போய் நின்றார். தையல் மெஷினில் குனிந்து குனிந்து கழுத்து பிடித்துக்கொண்டது என்று டாக்டர் அனுப்பி, ஆறு மாதமாக வருகிறவர். ஒடிசலான மனிதர். இரண்டு பிளேட்டுக்கு மேல் போனதில்லை, போகவேண்டும் என்ற ஆசையும் இல்லை.

"சார், இன்னும் எத்தனை செட் இருக்கு?"

"ரெண்டு இருக்கு. நீங்க வாங்க, நடுவுல அடிச்சுக்குங்க" என்று ஏணி எழுந்தான்.

தையல்காரர் பின்னை உருவி இரண்டில் போட்டுக்கொண்டு, நிதானமாகப் பன்னிரண்டு தடவை இழுத்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். மேஜையிலிருந்தபடியே, "ஏணி, மருத்துவக் குழுவுக்கு எத்தனை மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க?" என்று குரல் கொடுத்தேன். அவன் என் பக்கம் திரும்பி, "ஒம்பதுக்கு மாஸ்டர், வெறும் வயித்துல வரணுமாம்" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தான். கைப்பிடியைப் பிடித்தான். தீயணைப்புக்காரர்கள் குழாயை இழுப்பதுபோல உடம்பு மொத்தத்தையும் பின்னால் போட்டு வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்தான்.

பிளேட்டு அசையவில்லை. உள்ளுக்குள் ஏதோ அறுந்த சத்தம் என் மேஜைவரைக்கும் கேட்டது. அவன் கத்தவில்லை. முகம் சாம்பல் பூத்துப்போய், இடது கையால் தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தையல்காரர்தான் கீழே ஓடி, டயர் கடை வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்தார்.

ஆஸ்பத்திரியில் சலவைக்கூடத்திலிருந்து அவள் ஈர முந்தானையோடு ஓடிவந்தாள். "என்ன ஆச்சு, எப்படி ஆச்சு" என்று அவனை உலுக்கிக் கேட்டாள். அவன் கண்ணை மூடிக்கொண்டே சொன்னான்: "தையல்காரர் நடுவுல இழுத்தாரு. போகும்போது பின்னைப் பதினஞ்சுல வெச்சுட்டுப் போயிட்டாரு. நான் எட்டுன்னு நினைச்சு இழுத்துட்டேன்."

திரும்பி வந்து மெஷினைப் பார்த்தேன். பின் எட்டில் இருந்தது. பார்த்ததும் எனக்குத் தலைக்கேறியது. ஆசைக்கு ஒருமுறை பதினைந்தை அசைத்துப் பார்த்திருக்கிறார், அப்படியே விட்டுவிட்டார், ஆள் விழுந்ததும் யாருக்கும் தெரியாமல் எட்டுக்கு மாற்றி வைத்துவிட்டார் என்று நானே கோத்துக்கொண்டேன். இரண்டு பிளேட் மனிதர் எதற்குப் பதினைந்தைத் தொடவேண்டும் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். கோபம் யோசிக்கவிடவில்லை.

மறுநாள் படியேறி வந்தவரை வாசலிலேயே நிறுத்தினேன்.

"பின்னை எட்டுல வெச்சது நீங்கதானே?"

அவர் கொஞ்ச நேரம் படியைப் பார்த்தார். "ஆமா மாஸ்டர். நான்தான் வெச்சேன்."

"பதினஞ்சுல இருந்ததுன்னு அவன் சொல்றான்."

"அவரு அப்படியா சொன்னாரு?"

"ஆமா. இல்லேங்கறீங்களா?"

"அவரு சொன்னா சரிதான். தப்பு என்னுதுதான்."

ஒரு மனிதன் இத்தனை சுலபமாகத் தப்பை ஒப்புக்கொண்டால் இன்னும் எரிச்சல்தான் வருகிறது. அவருடைய ஜிம் அட்டையை வாங்கிக் கிழித்துப் போட்டேன். இனிமேல் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று சொன்னேன். மற்றவர்கள் முன்னால் சொன்னேன் என்பதை இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருக்கிறது.

மருத்துவக் குழுவுக்கு ஏணி கட்டுப்போட்ட கையோடு போனான். குழாய்ப் பக்கம்கூட அவனை விடவில்லை. தசைநார் மறுபடி அறுந்துவிட்டது, இனிமேல் தைத்தாலும் பழைய வேலைக்கு ஆகாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். போன் ரூமுக்கு ஏற்கெனவே வேறு ஆள் போட்டாகிவிட்டது. ஒரு வாரம் கழித்து நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. படித்துச் சொல்லுங்கள் என்று அவள் ஆள் அனுப்பினாள். படிக்கத் தெரியாதவள் இல்லை. தான் படித்தது சரிதானா என்று இன்னொரு வாய் சொல்லிக் கேட்கவேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அன்றைக்கும் மழைதான். குவார்ட்டர்ஸ் படிக்கட்டு முழுக்கச் சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு அறை வீடு. காயாத துணிகளை முன்னறைக்குக் குறுக்கே கொடி கட்டிப் போட்டிருந்தாள், குனிந்துதான் உள்ளே போகவேண்டும். ஏணி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வலது கை நெஞ்சோடு கட்டியிருந்தது. சட்டை போடமுடியாததால் ஒரு போர்வையைப் போர்த்தியிருந்தான். இடது கையால் கஞ்சி குடிக்கிறேன் என்று போர்வை மேலெல்லாம் சிந்தியிருந்தான். அவள் ஒரு துணியால் துடைத்துவிட்டு, கரண்டியை வாங்கித் தானே ஊட்டினாள். ஏழடி வளர்ந்த மனிதன் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்ததைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனேன்.

"நான் படிச்ச மாதிரிதானா அண்ணா?"

"அப்படித்தான் போட்டிருக்கு, தங்கச்சி."

"மாசக் கடைசியா?"

"ஆமா. சாவிய ஆபீஸ்ல குடுத்துடணும்."

அவள் கரண்டியைத் தட்டில் வைத்தாள். "பதினாலு வருஷம் இந்த வீடு. இந்த மனுஷன் மத்தவன் வீடு எரியும்போதெல்லாம் ஓடுனாரு. நம்ம வீட்ட யாரோ ஒருத்தர் வந்து ஒரு பின்ன மாத்தி வெச்சு கொளுத்திட்டுப் போயிட்டாரு. அந்தத் தையல்காரரு நல்லா இருப்பாரா, சொல்லுங்க?"

"விடு" என்றான் ஏணி.

"எதுக்கு விடணும்? எட்டு இழுத்துக்கிட்டிருந்த கைங்க. நான் ஒத்தி ஒத்திக் கொண்டுவந்த கை. என் விரலப் பாருங்கண்ணா, இதோட வந்து தினமும் ஒத்துனேன்."

"விடுன்னு சொல்றேன்ல."

அவள் விடவில்லை. அவள் இடத்தில் இருந்தால் நானும் விட்டிருக்க மாட்டேன். நானும் என் பங்குக்குத் தையல்காரரை இரண்டு வார்த்தை சொன்னேன். துக்க வீட்டில் வேறு எதைப் பேசுவது என்று தெரியாதபோது, இல்லாத ஆளைத் திட்டுவது கொஞ்சம் கைகொடுக்கிறது.

அந்த நேரம் பார்த்துக் கதவில் யாரோ மெல்லத் தட்டினார்கள். தையல்காரர். குடையை வெளியே சாய்த்துவிட்டு, நனையாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் எழுந்து போய் வாசலை அடைத்துக்கொண்டாள்.

"என்ன வேணும்?"

"சாருக்குச் சட்டை தெச்சிருக்கேன்மா. மூணு. வலது பக்கம் கழுத்துலேருந்து இடுப்புவரைக்கும் தொறக்கற மாதிரி வெச்சிருக்கேன். கையத் தூக்காமலே போட்டுவிடலாம்."

"என் புருஷன் கைய எடுத்துட்டு சட்டை கொண்டு வந்திருக்கீங்களா?"

அவர் பொட்டலத்தை அவள் பக்கம் நீட்டினார்.

"மூணு சட்டை. ஒரு கைக்கு மூணு சட்டை, சரியாப் போச்சு. வீட்டுக்கு என்ன கொண்டு வந்தீங்க? இவரு வேலைக்கு என்ன கொண்டு வந்தீங்க? எப்படிங்க உங்களுக்கு இந்தப் படியேற கால் வந்துச்சு?"

"குடுத்துட்டுப் போயிடறேன்மா. உள்ள வரல."

"வேண்டாம். எடுத்துட்டுப் போங்க."

அவர் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பினார். அவ்வளவுதான் நடந்திருக்கும், அவர் இறங்கிப் போயிருப்பார். கட்டிலிலிருந்து ஏணி சொன்னான்: "அவர உள்ள வரச் சொல்லு."

"எதுக்கு?"

"பின்ன மொதல்ல எட்டுல வெச்சது அவரு இல்ல. நான்."

நான் அவனைப் பார்த்தேன். அவன் யாரையும் பார்க்கவில்லை. கொடியில் தொங்கிய ஒரு போர்வையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"பதினஞ்சுல எல்லாம் இல்ல. அது நான் சொன்ன பொய். எட்டுலதான் இருந்துச்சு. யாராவது வந்து செட் கேட்டா, எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி நான் பின்ன எட்டுக்கு எறக்கி வெச்சுடுவேன். தெனமும் அப்படித்தான். வர்றவன் குனிஞ்சு பாக்கும்போது எட்டுன்னு தெரியணும். அவன் முடிச்சிட்டுப் போனதும் நான் பழையபடி மாத்திக்குவேன். அவனவன் வெச்ச எடையில விட்டுட்டுப் போவானுங்க, நான் எப்பவும் பாத்துதான் மாத்துவேன். அன்னைக்கு இவரு ரெண்டுல இழுத்தாரு. அதத்தான் நான் பாத்தேன். ரெண்டுதானே இருக்கு, மாத்த வேண்டாம்னு உக்காந்துட்டேன். நான் மாஸ்டர்கிட்ட பேசிட்டுத் திரும்பறதுக்குள்ள இவரு எட்டுல வெச்சுட்டாரு."

என் வாயில் ஈ போனாலும் தெரிந்திருக்காது. என் விதியை அச்சுப் பிசகாமல் காப்பாற்றிய ஒரே மனிதரைத்தான் நான் அட்டையைக் கிழித்து விரட்டியிருக்கிறேன்.

"ஏங்க, இதச் சொல்லியிருக்கலாமே" என்றேன் தையல்காரரிடம். "நான் அவ்வளவு பேசினேனே. அவரு வெச்சிருந்த எடையிலதான் வெச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

அவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "சொல்லலாம் மாஸ்டர். ஆனா தப்பு என்மேலயும் இருக்கு. அவரு பின்ன எறக்கினத நான் பாத்தேன்."

"என்ன பாத்தீங்க?"

"பக்கத்துல நின்னேன்ல. ரெண்டு பிளேட்தான் ஏறி எறங்குச்சு. நான் கேட்டதும் அவரு எட்டுல வெச்சுட்டு எழுந்தாரு. நான் ரெண்டுலயே விட்டுட்டு எழுந்தா, நான் பாத்துட்டேன்னு அவருக்குத் தெரிஞ்சுபோயிடும். கூசிப்போயிடுவாரேன்னு நினைச்சேன். எட்டுல வெச்சுட்டா எதுவும் தெரியாத மாதிரி ஆயிடும், அவரே மாத்திக்குவாருன்னு நினைச்சேன். மாத்தாம இழுப்பாருன்னு எனக்குத் தோணல."

ஏணி முதன்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு அந்த இருவரையும் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, இரண்டு பேரையும் அறைய வேண்டும்போலவும் இருந்தது.

அவள் மட்டும் வேறு எதையோ பிடித்துக்கொண்டு நின்றாள். கட்டில் பக்கம் மெதுவாக நடந்து வந்தாள்.

"ரெண்டுன்னா? அன்னைக்கு முதல் செட்டா? சூடேத்தறதுக்கா?"

"இல்ல."

"அப்ப எட்டு?"

"எட்டு இழுத்ததே இல்ல."

"ஆறு?"

அவன் தலையை ஆட்டினான்.

"நாலாச்சும்…"

"ஒரு தடவை மூணுல வெச்சுப் பாத்தேன். ரெண்டு நாள் தூக்கமில்ல. அதோட ரெண்டுதான்."

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். வெளியே மழை சற்று விட்டிருந்தது, மாடியிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. இது நடக்காமல் இருந்திருந்தாலும் அவன் மருத்துவக் குழு முன்னால் தோற்றுத்தான் போயிருப்பான், வீடு எப்படியும் போயிருக்கும். அது எனக்கு விளங்கிய நேரத்தில் அவளுக்கும் விளங்கியிருக்க வேண்டும்.

"கை அறுந்தப்போ வலி உயிர் போயிடுச்சு" என்றான் ஏணி. "ஆனா அதுக்குள்ளயே ஒரு நிம்மதி வந்துச்சு. இனிமே குழாய இழுத்துக் காட்ட வேண்டாம், பழிய தாங்க ஒரு ஆளும் கெடச்சாச்சுன்னு. அந்த நிம்மதிதான் தெனமும் என்னத் தின்னுக்கிட்டிருக்கு."

அவள் எழுந்து வாசலுக்குப் போய்த் தையல்காரர் கையிலிருந்து பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். "உள்ள வந்து உக்காருங்க" என்றாள் அவரிடம். அதற்குமேல் மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. ஒரு சட்டையைப் பிரித்து, ஏணியின் போர்வையை விலக்கி, கட்டுப்போட்ட கைமேல் போட்டுவிட்டாள். பட்டன் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"ரெண்டுன்னு நீங்க சொல்லியிருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்னு நினைச்சீங்க?"

"உன் மூஞ்சி வாடிப்போயிடும்னு…"

"வாடியிருக்கும். நல்லா அழுதிருப்பேன்" என்றாள். குரல் உயரவே இல்லை. "அழுது முடிச்சிட்டு, அந்தப் பேப்பர உங்க மடியில வெச்சு, கையெழுத்துப் போடுங்கன்னு பேனாவ நானே எடுத்துக் குடுத்திருப்பேன்."